ஐந்தாவது பவுலரா, ஆறாவது பேட்ஸ்மேனா?

ஜனவரி 4, இரவு

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “டெஸ்ட் ஜெயிக்க 20 விக்கெட் வேண்டும். எட்டாம் இடம் வரை பேட்டிங் வேண்டும் என்று ஒரு நல்ல பவுலரைப் பெஞ்சில் உட்கார வைப்பது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லையா?”

பயந்தாங்கொள்ளித்தனமேதான். நான் ஐந்து பவுலர் கட்சி. எப்போதும், எந்த ஆடுகளத்திலும். மேலே இருப்பவர்கள் சேர்ந்து அடிக்காத ரன்னைக் கூடுதலாக ஓர் ஆள் வந்து அடித்துவிடப் போவதில்லை. கணக்கும் எளிது. ஒரு நாளைக்கு 90 ஓவர். நான்கு பவுலர் என்றால் தலைக்கு இருபத்திரண்டரை, ஐந்து என்றால் 18. தாளில் நாலரை ஓவர்தான் வித்தியாசம். ஆனால் அந்த நாலரை ஓவரும் வருவது நாளின் கடைசியில். 80 ஓவர் முடிந்து புதுப்பந்து கைக்கு வரும் நேரம் அது. காலையில் 140 கி.மீ. வேகத்தில் போட்டவர் அப்போது 130-இல் போட்டால் புதுப்பந்து எடுத்து என்ன பயன்?

சொந்த அனுபவம் ஒன்று. இரண்டு நாள் லீக் ஆட்டம். நான் கேப்டன், ஆஃப் ஸ்பின் போடுவேன். கடைசி ஓர் இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள்: ஓர் இடக்கை ஸ்பின்னர், ஒரு பேட்ஸ்மேன். முந்தின ஆட்டத்தில் 90-க்குச் சுருண்டிருந்தோம். அந்தப் பயத்தில் பேட்ஸ்மேனை எடுத்தேன். ஆறு பேட்ஸ்மேன், கீப்பர், நான்கு பவுலர். எங்கள் வேகப்பந்து வீச்சாளன் ஐந்தாவது ஓவரில் ஓடி வந்தவன் பாதியில் நின்று, பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மீதி மூன்றே பேர். நான் மட்டும் 38 ஓவர் போட்டேன். மாலையில் ஆள்காட்டி விரலில் தோல் உரிந்து, பந்தின் தையல் பட்டாலே சுரீர் என்றது. சுழற்றுவதை விட்டுவிட்டு, உள்ளங்கையில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர்கள் 341. நான் ஆசையாக எடுத்த பேட்ஸ்மேன் மறுநாள் அடித்தது 3.

அதனால்தான் சொல்கிறேன், ஐந்து.

ஜனவரி 5, காலை

“2015 காலி டெஸ்ட் மறந்துவிட்டதா?” என்று ஒருவர்.

மறக்கவில்லை, வசதியாக ஒதுக்கி வைத்திருந்தேன். இந்தியா ஐந்து பவுலரோடு இறங்கிய ஆட்டம். முதல் இன்னிங்ஸில் 192 ரன் முன்னிலை. இலங்கை இரண்டாவது இன்னிங்ஸில் அந்தக் கடனைத் தீர்க்கும் முன்பே ஐந்து விக்கெட்டை இழந்துவிட்டது. அங்கிருந்து சண்டிமால் ஆட்டமிழக்காமல் 162. கடைசியில் துரத்த வேண்டியது வெறும் 176. ஹெராத் ஏழு விக்கெட் எடுக்க, 112-க்குச் சுருண்டோம். ஊர்ப் பெயரே காலி, நாங்களும் காலி.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஐந்து பவுலரும் சண்டிமாலை நிறுத்தவில்லை, குறைவாக எடுத்த பேட்ஸ்மேன்களும் 176 அடிக்கவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் இதே ஸ்கோர்கார்டைத் தூக்கிக்கொண்டு வரலாம். “எப்போதும்” என்று நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். “பெரும்பாலும்” என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 5, மதியம்

மேற்கிந்தியத் தீவுகளின் பழைய கேப்டன் கிளைவ் லாயிட் பெயர் வரும் என்று தெரியும். வந்துவிட்டது.

1976, போர்ட் ஆஃப் ஸ்பெயின். லாயிட் மூன்று ஸ்பின்னர்களோடு இறங்கி, 403 இலக்கு கொடுத்து டிக்ளேர் செய்தார். கவாஸ்கரும் விஸ்வநாத்தும் சதம் அடிக்க, இந்தியா 4 விக்கெட்டுக்கு 406. அதற்குப் பிறகு லாயிட் ஸ்பின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். நான்கு வேகம், ஆறு பேட்ஸ்மேன், ஒரு கீப்பர். 1980-இலிருந்து 1995 வரை மேற்கிந்தியத் தீவுகள் ஒரு டெஸ்ட் தொடரைக்கூடத் தோற்கவில்லை. நான்கே பவுலர். என் கட்சி ஆபீஸையே பூட்டிவிடும் கணக்கு இது.

இரண்டு விஷயம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். ஒன்று, மார்ஷல், ஹோல்டிங், கார்னர், ராபர்ட்ஸ் ஆகியோரில் யாரை எடுத்தாலும் வேறு அணியில் அவர்தான் முதல் பவுலர். இரண்டாவது, அவர்கள் ஒரு மணி நேரத்தில் போட்ட ஓவர்கள் இன்றைய விதிக்கு ரொம்பக் குறைவு. நீண்ட ஓட்டம், நிதானமாகத் திரும்பி நடப்பது, ஃபீல்டை மாற்றுவது. அந்த நடைதான் அவர்களுடைய ஐந்தாவது பவுலர்! இன்று அப்படி நடந்தால் சம்பளத்தில் அபராதம், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் புள்ளியிலும் கை வைப்பார்கள். நடுவில் பேட்ஸ்மேன்கள் ரிச்சர்ட்ஸும் கோம்ஸும் மெதுவாக நாலு ஓவர் உருட்டிவிட்டுப் போவார்கள்.

ஜனவரி 5, இரவு

“மார்ஷல் மாதிரி நாலு பேர் இல்லாதவன் என்ன செய்வது?”

மார்ஷல் இல்லாத ஐந்து பேரை எடுப்பது. சிரிக்காதீர்கள், பாதி உலகம் அதைத்தான் செய்கிறது.

ஜனவரி 7

இரண்டு நாளாக யாரும் கீப்பரைப் பற்றிப் பேசவில்லை. பூட்டுக்குச் சாவி அங்கேதான் இருக்கிறது.

ஆஸ்திரேலியக் கீப்பர் கில்கிறிஸ்ட் 96 டெஸ்டில் 5570 ரன், சராசரி 47.60. பெரும்பாலும் ஏழாம் இடத்தில். இப்படி ஒருவர் இருந்தால் ஏழாவது பேட்ஸ்மேன் இலவசம். மறுபக்கம் ஸ்பின்னர் வார்ன், ஒரு முனையை நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு விக்கெட்டும் எடுப்பார். அவரே ஒன்றரை பவுலர். ஆஸ்திரேலியா அந்தக் காலத்தில் பன்னிரண்டரைப் பேரோடு ஆடியது. நாம் உட்கார்ந்து 6-5, 7-4 என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் எல்லோருக்கும் இது இலவசமாகக் கிடைப்பதில்லை. சங்ககாரா கீப்பிங் செய்த டெஸ்ட்களில் சராசரி 40 சொச்சம். கையுறையைக் கழற்றிவிட்டு ஆடியவற்றில் 66-க்கும் மேல். இலங்கை அவரை நிரந்தரக் கீப்பராகவே வைத்திருந்தால் ஓர் இடம் மிச்சம், ஆனால் அவருடைய 26 ரன்னை யார் கொடுப்பது? ஒரு நாள் முழுக்கக் குத்த வைத்து எழுந்தவர் மறுநாள் மூன்றாம் இடத்தில் இறங்கிப் புதுப்பந்தை எதிர்கொள்ள வேண்டும். ஒரே ஓர் ஆட்டத்தில் நான் கீப்பிங் செய்திருக்கிறேன். அடுத்த நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை, பேட்டிங் எங்கே?

ஜனவரி 8

இன்றைக்குக் கொஞ்சம் கோபமாக எழுதுகிறேன்.

2025, இங்கிலாந்தில் ஹெடிங்லி. இந்தியா 3 விக்கெட்டுக்கு 430-இலிருந்து 471 ஆல் அவுட். இரண்டாவது இன்னிங்ஸில் கடைசி ஆறு விக்கெட் 31 ரன்னில். ஐந்து சதம் அடித்தும் தோல்வி. உடனே எல்லோரும் வாலை, அதாவது கடைசியில் இறங்குகிறவர்களைப் பிடித்துக்கொண்டார்கள்: “எட்டாம் இடத்தில் பேட்டிங் வேண்டும்.”

எட்டாம் இடத்தில் பேட்டிங்குக்காகவும் சேர்த்து எடுத்த ஆள் அந்த அணியிலேயே இருந்தாரே? ஷர்துல் தாக்குர். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து அவர் எடுத்தது 5 ரன். சரி, அது போகட்டும், பேட்டிங்கில் யாருக்கும் நடக்கும். என் புகார் வேறு. இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 100 ஓவர் ஆடியது. அதில் தாக்குருக்குக் கொடுத்தது 6. பும்ரா ஓடி ஓடிக் களைக்கிறார், நான்காவது வேகப்பந்து வீச்சாளர் எல்லைக்கோட்டில் கை கட்டி நிற்கிறார். இரண்டாவது இன்னிங்ஸில் பத்து ஓவர் கொடுத்தார்கள். டக்கெட்டையும் புரூக்கையும் அடுத்தடுத்த பந்தில் வெளியேற்றினார்.

100 ஓவரில் 6 ஓவர் போடுகிறவர் பவுலரே இல்லை. அவர் சுமாரான எட்டாவது பேட்ஸ்மேன், அவ்வளவுதான். நம்பிக்கை இல்லாத பவுலரை எடுக்காதே, எடுத்தால் பந்தைக் கொடு. கேப்டனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது மன்னிக்க முடியாத தப்பு.

ஜனவரி 9

நேற்று எழுதியதற்கு எதிராக அடுத்த டெஸ்டையே காட்டிவிட்டார்கள். எட்ஜ்பாஸ்டன். பும்ராவுக்கு ஓய்வு, குல்தீப் வெளியே, வாஷிங்டன் சுந்தரும் நிதீஷ் ரெட்டியும் உள்ளே. “பேட்டிங்குக்காக விக்கெட் எடுப்பவனைக் கழட்டிவிட்டார்கள்” என்று அன்று கத்தியவர்களில் நானும் உண்டு. என்ன நடந்தது? 211-க்கு 5 என்று இருந்த அணி 587 போனது. கில் 269, அவரோடு நின்ற ஜடேஜா 89, சுந்தர் 42. அப்புறம் சிராஜ் முதல் இன்னிங்ஸில் ஆறு, ஆகாஷ் தீப் இரண்டிலும் சேர்த்துப் பத்து. 336 ரன் வித்தியாசத்தில் வெற்றி.

அதாவது பேட்டிங் ஆழம் தந்தது ரன்னை மட்டுமில்லை, நேரத்தையும் ஓய்வையும்தான். 150 ஓவருக்கு மேல் பவுலர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். எதிரணி அதே நேரம் வெயிலில் நின்றது. நான் நாலரை ஓவர் கணக்குப் போட்டபோது இதைச் சேர்க்கவே இல்லை. பவுலருக்கு ஓய்வு கொடுக்கும் வேலையை இன்னொரு பவுலர்தான் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. நல்ல ஏழாவது பேட்ஸ்மேனும் செய்யலாம்.

இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு ராத்திரி ஆனது.

ஜனவரி 11

எண்ணிக்கையை விட்டுவிட்டு வகையைப் பேசலாம் என்கிறார் இன்னொருவர். சரிதான், நாம் எண்ணிக்கையிலேயே மாட்டிக்கொண்டோம்.

2018 பெர்த். இந்தியா நான்கு வேகம், முழுநேர ஸ்பின்னர் இல்லை. ஆடுகளம் பச்சையாக இருந்தது, பார்த்தவர்கள் மயங்கிவிட்டார்கள். எட்டு விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனவர் ஆஸ்திரேலியாவின் லயன், ஆஃப் ஸ்பின்னர்! நம் பக்கம் பகுதிநேர விஹாரியே முதல் இன்னிங்ஸில் இரண்டு விக்கெட் எடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடம் கழித்து சவுத்தாம்ப்டன், டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். இப்போது நேர் எதிர்த் தப்பு. அஸ்வின், ஜடேஜா என்று இரண்டு ஸ்பின்னர்களும் உள்ளே. முதல் நாள் முழுக்க மழை. டாஸே போடவில்லை, அணியை மாற்ற வழி இருந்தது, மாற்றவில்லை. நியூசிலாந்து ஸ்பின்னரே இல்லாமல் ஐந்து வேகத்தோடு வந்தது. அஸ்வின் நன்றாகவே போட்டார். ஜடேஜா இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் போட்டது 15 ஓவர் சொச்சம். நாம் எடுத்தது 217, 170. அந்த 15 ஓவருக்குப் பதிலாக இன்னொரு பேட்ஸ்மேன் இருந்தால் ஜெயித்திருப்போமா? சத்தியம் செய்ய மாட்டேன். ஜேமிசன் போட்ட பந்துக்கு அந்த ஆளும் அவுட் ஆகியிருக்கலாம்.

ஆட்டத்துக்கு முன் ஆடுகளத்தைப் போய்க் குனிந்து பார்ப்பது, விரலால் அழுத்துவது, சாவியால் குத்துவது எல்லாம் நானும் செய்திருக்கிறேன். பத்தில் நாலு தடவை சரியாக இருக்கும். காசைச் சுண்டிவிட்டால் அஞ்சு.

ஜனவரி 12

“காயத்துக்கு மாற்று ஆள் விட்டால் இந்தப் பிரச்சினையே வராதே?” நல்ல கேள்வி, கொஞ்சம் தடம் மாறுவோம்.

தலையில் அடிபட்டால் மட்டும் 2019-இலிருந்து முழு மாற்று ஆட்டக்காரர் உண்டு. லார்ட்ஸில் ஸ்மித்துக்குப் பதில் லபுஷேன் வந்தாரே, அதுதான் முதல் தடவை. மற்றபடி தொடையோ இடுப்போ போனால் மாற்று ஆள் ஃபீல்டிங் மட்டும் செய்யலாம், பந்து போட முடியாது. ஐந்தாவது பவுலர் என்பது பாதி இன்சூரன்ஸ்தான்.

2020 அடிலெய்டில் இந்தியா 36-க்கு ஆல் அவுட். அடுத்து மெல்போர்ன், கோலி ஊருக்குத் திரும்பிவிட்டார். அந்த நிலையில் யாராக இருந்தாலும் இன்னொரு பேட்ஸ்மேனைத்தான் திணிப்பார்கள். ரஹானே அணியில் கோலி இடத்துக்கு வந்தவர் ஜடேஜா, ஐந்தாவது பவுலர்! இரண்டாவது இன்னிங்ஸில் உமேஷ் நான்காவது ஓவரிலேயே நொண்டிக்கொண்டு வெளியேறினார். அப்போதும் கையில் நான்கு பேர் மிச்சம். ஜடேஜா 57 ரன்னும் அடித்தார், ஆட்டமும் நம் பக்கம். எனக்குப் பிடித்த தேர்வு எது என்று கேட்டால் இன்றும் இதைத்தான் சொல்வேன். 36-க்குச் சுருண்ட மறுவாரம் பேட்டிங்கைக் குறைக்க நெஞ்சு வேண்டும்.

அதே தொடர், பிரிஸ்பேன். சைனி தன் எட்டாவது ஓவரில் தொடையிடுக்கு வலியால் வெளியே போனார், மீதி ஒரு பந்தை ரோகித் வீசி ஓவரை முடித்தார். 186-க்கு 6 என்று இருந்தபோது சுந்தரும் தாக்குரும் சேர்ந்து 123 எடுத்தது எல்லோருக்கும் மனப்பாடம். இருவரும் பவுலர்களாக வந்தவர்கள். காயங்கள் புண்ணியத்தில் நமக்குக் கிடைத்த சமநிலை அது, யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை.

ஜனவரி 13

2025 கொல்கத்தா பற்றிக் கேட்டவருக்கு: இந்தியாவுக்கு நான்கு ஸ்பின்னர், இரண்டு வேகம், சுந்தர் மூன்றாம் இடத்தில். இலக்கு 124. கில் கழுத்துப் பிடிப்பால் இறங்கவே இல்லை. 93 ஆல் அவுட். பவுலருக்கு மட்டும்தான் காயம் வரும் என்று நேற்று எழுதியது மாதிரி ஆகிவிட்டது. பேட்ஸ்மேனுக்கும் கழுத்து உண்டு.

ஜனவரி 15, இரவு

முதல் குறிப்பில் சொன்ன லீக் ஆட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது.

அந்த அணியில் ஆடிய ஒருவன் இந்த இழையைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறான். இன்று ஸ்கோர் புத்தகத்தின் படம் ஒன்றை அனுப்பினான். பென்சில் எழுத்து, ஓரத்தில் தண்ணீர்க் கறை. கூடவே ஒரு வரி: “டேய், அந்த பேட்ஸ்மேன் நான்தான். இது மறதியா, வசதியா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர்கள் 341, சரி. ஓவர் 96. நான் போட்டது 38 இல்லை, 31. ஏழு ஓவரை வருஷங்கள் போட்டுக் கொடுத்திருக்கின்றன. பவுலர் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு பெயர், அவனுடையது: 2 ஓவர், 19 ரன், விக்கெட் இல்லை.

லெக் ஸ்பின். இப்போது நன்றாக நினைவு வருகிறது. “பேட்டிங்கும் பண்ணுவே, பதினஞ்சு ஓவரும் போடுவே” என்று சொல்லித்தான் இடக்கை ஸ்பின்னரை விட்டுவிட்டு அவனை எடுத்தேன். அணியில் ஐந்தாவது பவுலர் இருந்தான். விரல் தோல் உரிந்து பந்தைத் தள்ளிக்கொண்டிருந்த அத்தனை நேரமும் அவன் மிட் ஆனில் நின்றிருந்தான். ஒவ்வொரு ஓவர் முடிவிலும் என் பக்கம் பார்ப்பான், நான் வேறு பக்கம் பார்ப்பேன். இரண்டு ஓவரில் 19 கொடுத்துவிட்டானே என்ற பயம்.

எட்டாம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். தாக்குருக்கு 100-இல் 6. என் கணக்கு 96-இல் 2.

ஜனவரி 16

“முதல் குறிப்பை அழித்துவிடுவீர்களா?” இல்லை, அப்படியே கிடக்கட்டும். 38 மட்டும் 31 என்று படிக்கவும்.

ஐந்தா நான்கா என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு: இன்றைக்கும் ஐந்து என்றுதான் சொல்வேன், ஆனால் அணிப் பட்டியலைக் காட்டாதீர்கள், ஆட்டம் முடிந்த பிறகு யார் எத்தனை ஓவர் போட்டார்கள் என்பதைக் காட்டுங்கள். அதில் ஐந்து பேர் இருக்கிறார்களா என்று பார்க்கலாம்.

அவனிடம் போனில் பேசினேன். சிரித்தான். “அந்த 3 ரன் மட்டும் கரெக்டா ஞாபகம் இருக்கு, இல்ல?” என்றான். அவனுடைய இரண்டாவது ஓவரில் ஸ்லிப்பில் ஒரு கேட்ச் விழுந்தது, அவர்களில் 140 அடித்தவன் அப்போது இருபது சொச்சத்தில் இருந்தான். கேட்ச் விட்டதெல்லாம் ஸ்கோர் புத்தகத்தில் வராது. ஸ்லிப்பில் நின்றது நான். அவன் இன்னும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுப்பான்.